விழுந்து முடிக்காத ஏசுபாதம்

உப்புக்கிடங்கு மைதானத்தில் நடந்த கடைசிக் குத்துச்சண்டைச் சாம்பியன் பந்தயத்தில், பெரம்பூர் தணிகாசலத்தின் இடது கை போய் ஏசுபாதத்தின் தாடையில் இறங்கியபோது ஏசுபாதம் மல்லாக்க விழ ஆரம்பித்தான், ஆனால் விழுந்து முடிக்கவில்லை. சுவரில் சாய்த்த ஏணி மாதிரி, சுவர் மட்டும் இல்லாமல், குதிகால் இரண்டும் மேடைப் பலகையைத் தொட்டிருக்க, கையுறைகள் மார்புக்கு முன்னால் தூக்கினபடி இருக்க, வாயிலிருந்து தெறித்த பல் காப்பு ரப்பர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் இருக்க, அவனும் அப்படியே இருந்தான். நான் பத்திரிகைக்காரர்களுக்கென்று முன்வரிசையில் போட்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். விழுந்ததும் எழுதலாம் என்று பேனாவைத் திறந்தே வைத்திருந்தேன், முனை காய்ந்துபோனதும் மூடிவிட்டேன்.

சுற்று முடிந்து மணி அடித்தது. தணிகாசலம் தன் மூலைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்து வாய் கொப்பளித்தான், அடுத்த மணிக்கு எழுந்து வந்தான், ஏசுபாதத்தை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தான், விழுகிறவனை அடிப்பது தப்பாட்டம் என்பதால் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். ரெஃப்ரி டிமெல்லோ ரயில்வேயில் கார்டாக இருந்தவர், எதையும் விதிப்படி மட்டுமே செய்கிறவர். அவர் முட்டி போட்டு, பலகைக்கும் ஏசுபாதத்தின் முதுகுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார்.

"இன்னும் விழல," என்றார். "விழாத ஆளுக்கு நான் எப்டி மேன் நம்பர் எண்றது?"

மற்ற ஊர்களில் புள்ளி பார்த்து ஜெயித்தவன் கையைத் தூக்கிவிடுவார்கள். எங்களுடையது உப்பு மூட்டை தூக்கியவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பந்தயம், இதில் புள்ளி கிடையாது. விழுந்தவன் பத்து எண்ணுவதற்குள் எழுந்திருக்காவிட்டால் முடிந்தது, இல்லாவிட்டால் ஒருவனுடைய மூலையிலிருந்து துண்டு வந்து உள்ளே விழுந்தால் முடிந்தது. அந்தத் துண்டையும் கண்டவன் போட முடியாது. சண்டைக்காரன் தானே போடலாம், அல்லது அவன் வீட்டிலிருந்து துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மூலையில் நிற்கிற ஒரே ஒரு ஆள் போடலாம், பந்தயத்தின் நடுவில் அந்த ஆளை மாற்றவும் முடியாது. ஏசுபாதத்தின் மூலையில் துண்டோடு நின்றது அவனுடைய அண்ணன் தைரியநாதன்.

முதல் நாள் கூட்டம் கலையவே இல்லை. மறுநாள் வேலைக்குப் போகவேண்டியவர்கள் வேலைக்குப் போனார்கள், வேலை இல்லாதவர்கள் அவர்களுக்காகவும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மழை வரும்போலிருந்ததால் லாரி ஷெட்டிலிருந்து தார்ப்பாய் கொண்டுவந்து ரிங்குக்கு மேலே கட்டினார்கள். மாதா கோயில் பங்குச் சாமியார் வந்து, செத்தவனுக்கான ஜெபத்தைச் சொல்வதா, உயிரோடிருப்பவனுக்கான ஜெபத்தைச் சொல்வதா என்று கொஞ்ச நேரம் யோசித்து, கடைசியில் பிரயாணம் போகிறவர்களுக்கான ஜெபத்தைச் சொல்லிவிட்டுப் போனார். கார்ப்பரேஷன் ஆள் வந்து மேடையைப் பிரிக்கச் சொன்னபோது, பிரித்தால் விழுந்துவிடுவான், அப்படி விழுந்தால் அது அடிபட்டு விழுந்ததாகுமா பலகையை உருவினதால் விழுந்ததாகுமா என்று பந்தயம் நடத்திய சங்கத்தார் கேட்டார்கள். மேலிடத்தில் விசாரித்துச் சொல்கிறேன் என்று போனவர் அப்படியே ரிடையராகிவிட்டார்.

அதன்பிறகு பேட்டை அவனைச் சுற்றித் தன்னைச் சரிசெய்துகொண்டது. மீன் கூடைக்காரிகள் ரிங்கின் நிழலில் கூடையை இறக்கி வைத்து இளைப்பாறினார்கள், சீட்டாட்டக்காரர்கள் பலகைக்குக் கீழே இடம் பிடித்தார்கள், புறா ஒன்று அவன் வலது தோளில் உட்காருவதையே வழக்கமாக வைத்துக்கொண்டது, அதை யாரும் விரட்டவில்லை. தேர்தல் வந்தபோது இரண்டு கட்சிக்காரர்களும் வந்து அவன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறான் என்று அடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் "ஒழுங்கா குந்து, பாதம் மாதிரி சாயாத" என்று தாய்மார்கள் தலையில் தட்டினார்கள். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால் கவுன்சிலர், "பாதம் உழறப்போ வரும்" என்றார், வராத சம்பள உயர்வையும் கூடாத கல்யாணத்தையும் கட்டாத சுவரையும் பற்றிப் பேசும்போதெல்லாம் ஜனங்கள் அதையே சொல்லப் பழகிவிட்டார்கள். இப்படி ஒரு மனிதனை ஊர் பேச்சுக்குள் போட்டுக்கொண்டுவிட்டால் அவனை வெளியே எடுப்பது கஷ்டம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் என்ன கிழித்திருப்பேன் என்று தெரியவில்லை.

நான் அப்போது 'வெற்றிச்சங்கு' என்ற விளையாட்டு வார இதழில் வேலை பார்த்தேன். என் முதலாளி வரதராஜுலு ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்திலிருந்து அச்சாபீஸிலேயே வளர்ந்தவர், நல்ல மனுஷர், ஆனால் எதைப் பார்த்தாலும் அது எத்தனை பக்கம் வரும் என்றுதான் பார்ப்பார். ஏசுபாதம் விழுந்துகொண்டிருந்த முதல் வருஷம் எங்கள் பத்திரிகை விற்றதுபோல அதற்கு முன்பும் விற்கவில்லை, பின்பும் விற்கவில்லை. வாராவாரம் அவன் முதுகு பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று போட்டோம். இறங்கியிருக்கிறான் என்று ஒரு கோஷ்டியும் இல்லை என்று ஒரு கோஷ்டியும் கடிதம் எழுதிச் சண்டை போட்டன. அப்புறம் கிரிக்கெட் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது, ஏசுபாதம் அட்டையிலிருந்து நடுப்பக்கத்துக்கும், நடுப்பக்கத்திலிருந்து வாசகர் கேள்வி பதிலுக்கும் இறங்கினான். அவன் உண்மையில் இறங்கியது அந்த அளவுக்குத்தான்.

அவனுக்குக் கல்யாணமாகி வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அவன் பெண்டாட்டி சலோமி உப்புக்கிடங்கில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள், காலையில் வேலைக்குப் போகும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் ரிங்கில் ஏறி அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிடுவாள், துடைத்த இடத்தில் அதே வியர்வை மறுபடி அரும்பி நிற்கும். முடி வளரவில்லை, நகம் வளரவில்லை, கண் மட்டும் திறந்து தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அவனிடம் பேசுவாளா என்று ஒருமுறை கேட்டேன். "பேசுவேன் சார், காதுல உழுதோ என்னமோ," என்றாள். மாதக் கடைசியில் அவள் தன் மச்சாண்டார் தைரியநாதனிடம் போய் நிற்பாள். அந்தப் பேச்சு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் நடக்கும்.

"துண்டப் போட்டுடு மாமா. ஆட்டம் முடிஞ்சா அவரு எறங்கிடுவாரு. எனக்கு ஆளு வோணும், பட்டம் வாணாம்."

"எங்க அப்பன் மூஞ்சில ரத்தம் ஊத்தனப்போகூட எங்க தாத்தா துண்டு போடலம்மா. தோத்தவன்னு எய்ப்பி அவன இன்னா பண்ணப்போற?"

"சோறு போடுவேன்."

அதற்குத் தைரியநாதன் தோளில் கிடக்கிற துண்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. கிடங்கில் கணக்குப்பிள்ளை வேலை போக மிச்ச நேரமெல்லாம் தம்பியின் மூலையிலேயேதான் குந்திக் கிடந்தார், வேறு துண்டை உபயோகித்தாரே தவிர அந்தத் துண்டால் ஒருநாளும் முகம் துடைத்ததில்லை. சில மத்தியானங்களில் அவர் கை தோள் வரைக்கும் போய் துண்டின் முனையைப் பிடிப்பதையும், பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருப்பதையும், பிறகு விட்டுவிடுவதையும் நானே பார்த்திருக்கிறேன். நாலு விரல் நகர்ந்தால் போதும், ஒரு குடும்பம் பிழைத்திருக்கும்.

இதில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. ஒரு பந்தயம் முடியாமல் அடுத்த சாம்பியன் பந்தயம் வைக்க முடியாது. பேட்டையில் அதற்குப்பின் வந்த பையன்கள், மணல் மூட்டையைக் குத்திக் குத்திக் கை முறுக்கேறின பையன்கள், என் வாழ்நாளில் நான் பார்த்த நல்ல சண்டைக்காரர்களில் சிலர், பட்டம் என்று ஒன்று இல்லாததால் ஜெயிக்கவும் முடியாமல் தோற்கவும் முடியாமல் வயசாகி, கல்யாணமாகித் தொப்பை போட்டு, ஆட்டோ ஓட்டவும் ஏடிஎம் வாசலில் காவலுக்கு உட்காரவும் போய்விட்டார்கள். சாம்பியன் பட்டத்தைக் கேலி பேசி நான் நிறைய எழுதியிருக்கிறேன். தகரத்தில் பூசின தங்கம் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அது இல்லாமல்போன ஊரைப் பார்த்தபின்தான், அந்தத் தகரம் எத்தனை பேரைக் காலையில் எழுப்பி ஓடவிட்டிருந்தது என்று தெரிந்தது.

பிறகு தைரியநாதன் செத்துப்போனார். மாரடைப்பு, தம்பியின் மூலையிலேயே, முக்காலியில் உட்கார்ந்தபடியே. பேட்டை அவரைப் பெரிய மரியாதையோடு அனுப்பியது. மூலையில் நின்றவன் செத்தால் அவன் துண்டையும் அவனோடு வைத்துப் புதைப்பது எங்கள் வழக்கம், ஆகவே பெட்டியில் அவர் கழுத்தைச் சுற்றி அந்தத் துண்டைப் போட்டார்கள், பாண்டு வாத்தியக்காரர்கள் முன்னால் போக, இளவட்டங்கள் மாற்றி மாற்றித் தோள்கொடுக்க, கல்லறைக்குக் கொண்டுபோய் நல்ல ஆழமாகப் புதைத்தார்கள். எல்லாரும் குளித்துவிட்டு, டீ குடித்துவிட்டு, ரிங்கைக் கடந்து வீட்டுக்குப் போகிறபோதுதான் சலோமி நின்றாள். ஏசுபாதத்தைப் பார்த்தாள், காலியாக இருந்த மூலையைப் பார்த்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்பது ஒவ்வொருவருக்கும் மெல்லப் புரிய, ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்காமல் நின்றோம். அவர் வைத்துக்கொண்டிருந்தவரைக்கும் ஒரு வழி இருந்தது, அதை நாங்களே வாத்தியம் வைத்துப் புதைத்துவிட்டு வந்திருந்தோம். தோண்டி எடுக்கலாம் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள், எடுத்தாலும் போடுவதற்குக் கை வேண்டுமே.

சலோமி அழுதது எனக்குத் தெரிந்து அன்று ஒருநாள்தான். மறுவாரம் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள், தலையில் பாதி நரைத்திருந்தது.

"ரிப்போர்ட்டர் சார், பெரம்பூருக்கு இட்டுகினு போறியா? அவுங்க மூலையில ஒரு துண்டு கீதுல்ல."

தணிகாசலம் ரயில்வே பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தான், சின்ன வீடு, முன்னறையில் அவன் ஜெயித்த சின்னச் சின்னக் கோப்பைகள், நடுவில் ஒன்றுக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தான். பட்டறையில் அவனைச் சாம்பியன் என்றுதான் கூப்பிடுவார்கள், பாதி மரியாதைக்கு, பாதி கிண்டலுக்கு. ஒவ்வொரு வருஷமும் பந்தய நாளன்று உப்புக்கிடங்குக்கு வந்து, ஏசுபாதம் விழுந்துவிட்டானா என்று பார்த்துவிட்டுப் போவான். அவன் சலோமிக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, அவள் கேட்டதைக் கடைசிவரை குனிந்தபடி கேட்டுக்கொண்டான்.

"நிக்கிறவன் எப்டிம்மா துண்டு போடறது?" என்றான். "ஒலகத்துல எவனாச்சும் பண்ணிகிறானா?"

"நீ நிக்கறதால தாண்ணே அவரு தொங்கிகினு கீறாரு."

அவன் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல் முட்டிகள் வயசாகிப் புடைத்திருந்தன.

"நான் கட்டன வூடு ஒழுவுது, பெத்த புள்ள பேசறதில்ல. அந்த ஒரு அடிதாம்மா நான் ஒழுங்கா பண்ணது," என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நான் தோத்துட்டேன்னு எழுதுவியா சார்?" என்றான்.

"எழுதித்தான் ஆகணும்," என்றேன்.

"அப்ப அடி நல்லாத்தான் உழுந்துதுன்னு ஒரு வரி சேத்து எழுது."

இதை எழுதினேன். வார இதழ் அதற்குள் மூடப்பட்டிருந்தது, வரதராஜுலு புத்தகம் போட இறங்கியிருந்தார், என்னை வைத்து உப்புக்கிடங்குப் பந்தயங்களின் சரித்திரத்தை எழுதி வாங்கி, நூலக ஆர்டருக்கும் ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்கும் பிடித்துவிடவேண்டும் என்று அட்டையை முன்னாலேயே அடித்து வைத்திருந்தார். அட்டையில் தணிகாசலம் கையை உயர்த்திக்கொண்டிருந்தான், கீழே 'சாம்பியன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஏசுபாதம் என்றைக்காவது விழத்தானே வேண்டும் என்ற நம்பிக்கை அவருக்கு. பெரம்பூர் விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"யோவ் பரசு, ஜெயிச்சவன் போய்த் தோத்தேன்னு சொல்றதை எவன்யா காசு குடுத்து வாங்குவான்? ஜனங்க வீட்ல தோக்கறாங்க, ஆபீஸ்ல தோக்கறாங்க, புஸ்தகத்துலயும் தோக்கணுமா? அட்டைக்காவது ஒருத்தன் ஜெயிக்கட்டும்."

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் வருத்தம். குத்துச்சண்டை பற்றி வந்த எல்லாப் புத்தகத்திலும் அட்டையில் ஒருத்தன் கையை உயர்த்திக்கொண்டுதான் நிற்கிறான், அடிபட்டவன் உள்ளே எங்கேயோ ஒரு வரியில் விழுந்து கிடக்கிறான், நானும் அப்படித்தான் காலமெல்லாம் எழுதிக் குடித்தனம் நடத்தினேன். நான் கொடுத்த கடைசி அத்தியாயத்தை அவர் படித்தார், மடித்து மேசைக்குள் வைத்தார். புத்தகமும் வரவில்லை, அட்டைகளை யாரோ இனிப்புப் பெட்டி செய்ய எடைக்கு எடுத்துப்போனார்கள். அந்த அத்தியாயத்தில் இருந்தது இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் நேராக மைதானத்துக்கு வந்தார்கள். டிமெல்லோவை நாற்காலியோடு தூக்கி ரிங்கில் ஏற்றினார்கள், அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, ஆனால் கழுத்து டையைச் சரியாகக் கட்டியிருந்தார். தணிகாசலம் பேண்ட் சட்டையோடு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறினான். ஏசுபாதத்துக்கு எதிரில் போய் நின்று, தன் இடது முஷ்டியை அவன் தாடைக்குப் பக்கத்தில், படாமல், கொண்டுபோய் வைத்துப் பார்த்தான். அவன் எதை விட்டுக்கொடுக்கப் போகிறான் என்பது அங்கே மணல் மூட்டை குத்தின ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். பிறகு தன் மூலைக்கு நடந்து, கொண்டுவந்திருந்த துண்டை எடுத்து, நடு ரிங்கில் போட்டான்.

ஏசுபாதம் விழுந்தான். பலகை அதிர்ந்தது, புறா பறந்தது, பல் ரப்பர் தனியாக ஒரு பக்கம் உருண்டு போனது. டிமெல்லோ பழக்கதோஷத்தில் எண்ணுவதற்கு விரலை நீட்டிவிட்டு, பிறகு மடக்கிக்கொண்டார். எண்ண வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஏசுபாதம் கையை ஊன்றித் தானே எழுந்து உட்கார்ந்து, தாடையைத் தேய்த்துக்கொண்டான். இளவயசுக்காரன், ஒரு சுருக்கம் இல்லாத முகம். அத்தனை வருஷமாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தும் அவன் எவ்வளவு சின்னப் பையன் என்பதை நாங்கள் அப்போதுதான் பார்த்தோம்.

தணிகாசலம் குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, கையை மேலே தூக்கினான். "நீதாம்பா ஜெயிச்ச," என்றான்.

ஏசுபாதம் கையை இழுத்துக்கொண்டான். "வெளாடாத பெருசு. அவன் அட்ச்சது எனக்குத் தெரியாதா? அப்பேர்ப்பட்ட அடி அது. தணிகாசலத்தக் கூப்புடு, அவன் கையத் தூக்கு," என்றான். தணிகாசலம் அழுததைப் பார்த்து யாரோ அவனைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினார்கள்.

ஏசுபாதம் தன் மூலையைப் பார்த்து, "அண்ணன் எங்க?" என்று கேட்டான். அப்புறம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் முகம் முகமாகத் தேடினான், வாலிபப் பெண்கள் நின்ற பக்கமெல்லாம் இரண்டாம் தடவையும் தேடினான். சலோமி கயிற்றுக்கு இந்தப் பக்கம், அவனுக்குக் கை எட்டும் தூரத்தில், அவனுடைய சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவன் அவளிடம்தான் கேட்டான்.

"யக்கா, இங்க ஒரு பொண்ணு, சலோமின்னு, ஊதாப் பொடவ கட்டிகினு நின்னுகினு இருந்தா. பாத்தியா?"

அவள் சட்டையை உதறி அவன் தோளில் போட்டாள்.

"பாத்தேன் தம்பி," என்றாள். "ரொம்ப நேரமா நின்னுகினு இருந்தா."